இந்தக் கூறு ஆருக்கு?

நாதன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுடைய முதுகுக்குப் பின்னால், நிலத்தில் விரித்த பொலித்தீனின்மேல் எட்டுக் கூறு இறைச்சி.

சிவராசா அண்ணை குனிந்து மூன்றாவது கூறை விரலால் தொட்டார்.

“இந்தக் கூறு ஆருக்கு?”

“குணம் அண்ணைக்கு,” என்றான் நாதன், சுவருக்குச் சொல்வதுபோல.

குணம் நான்தான். என் கூறை எட்டிப் பார்த்தேன். கழுத்தெலும்பு, இரண்டு விலா, சவ்வோடு ஒரு பிடி இறைச்சி, ஓரத்தில் தபால் முத்திரை அளவு ஈரல். போன முறையும் கழுத்தெலும்புதான்.

அடுத்த கூறைத் தொட்டார். “இது ஆருக்கு?”

“உங்களுக்குத்தான் அண்ணை.”

அதில் தொடை. கொழுப்புச் சுற்றிய குண்டிக்காய், சிறுநீரகம்தான். உள்ளங்கை அகலத்தில் ஈரல்.

அந்த இடத்தில்தான் என் மனதுக்குள் ஒரு புழு நெளிந்தது.

பங்கு ஆடு

ஊரில் பங்கு ஆடு தெரியாதவர்கள் இருக்கமாட்டார்கள். நாலைந்து வீடு சேர்ந்து ஒரு கடாவை அடித்துக் கூறு போட்டுப் பிரிப்பது. பாரிசில் எங்கள் கடைத்தெருவான லா சப்பேலில் எங்களுடைய பங்கு ஆடு செம்மறி. பாரிசுக்கு வெளியே ஒரு பண்ணைக்காரரைச் சிவராசா அண்ணை பிடித்து வைத்திருந்தார். முறைப்படி அறுத்து, நீல முத்திரை குத்தி, குடல் ஈரலைத் தனிப் பையில் போட்டுத் தருவார்கள். சனிக்கிழமை அண்ணை வான் வண்டியில் போய் ஏற்றி வருவார்.

ஞாயிறு காலையில் நாதனின் மரக்கறிக் கடை திறக்கமுதல், கடைக்குக் கீழேயுள்ள நிலவறையில் கூடுவோம். அதைக் கேவ் என்றுதான் எல்லோரும் சொல்லுவோம். கறிவேப்பிலையும் கருவாடும் ஈரக் காட்போட்டும் கலந்த ஒரு மணம். தலையில் இடிக்கிற பல்ப். எட்டு வீட்டுக்கு எட்டு ஆம்பிளைகள்.

விரத நாளில் பங்கு வைப்பதில்லை. கந்த சட்டி, புரட்டாதிச் சனி, திருவெம்பாவை எல்லாம் பார்த்துத்தான் நாள் குறிப்போம். நாள் குறிப்பது என்னுடைய வேலை. வெள்ளிக்கிழமை தவறாமல் பிள்ளையார் கோயிலுக்குப் போகிறவன் என்பதால் தந்தார்கள்.

வெட்டுவதும் கூறு போடுவதும் அண்ணையின் வேலை. ஒவ்வொரு கூறிலும் எல்லாவற்றிலும் கொஞ்சம் இருக்கவேண்டும். ஈரலை எட்டாக வெட்டிக் கூறுக்கு ஒரு துண்டு வைப்பார். எப்படி வைத்தாலும் ஒன்று பெரிசாகவும் ஒன்று சிறிசாகவும்தான் அமையும். அதற்காகத்தான் ஒருவர் திரும்பி நின்று பெயர் சொல்லுவது. தொடுகிறவருக்குப் பெயர் தெரியாது, சொல்லுகிறவருக்குக் கூறு தெரியாது. சண்டைக்கு இடமில்லை.

2009இல் ஊரில் போர் முடிந்து மூன்று நான்கு வருடம் போயிருக்கும். அந்த வருடத்தைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. ஆனால் அந்த எட்டுப் பேரில் அதற்குப் பிறகு முன்னைப்போலச் சிரித்தவர் ஒருவரும் இல்லை.

என் வியாதி

இந்தத் தொடரை வாசித்து வருகிறவர்களுக்கு என் சந்தேகம் புதிதல்ல. எனக்கு அது சலரோகம்போல. மருந்தால் அடக்கலாம், மாற்ற முடியாது.

வந்த புதிதில், சன்னல் வைத்த தபால் உறை எது வந்தாலும் விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் திறப்பேன். வேலை செய்த உணவகத்தில் வெள்ளிக்கிழமை எனக்கு மரக்கறிச் சூப் தருவார்கள். சமையல்காரர் நல்ல மனிசன், எனக்கென்று தனியாக வைப்பார். நான் கோப்பையை மூக்கடிக்குக் கொண்டுபோய் மாட்டெலும்பு மணக்கிறதா என்று மூன்று தரம் மோப்பம் பிடிப்பேன். பிறகு “பசிக்கேல்லை” என்றுவிட்டுக் கொண்டுபோன தயிர்ச்சோற்றைச் சாப்பிடுவேன். ஒருநாள் அவர் தன் சட்டியைத் தூக்கி வந்து, கரட் தோல் முதற்கொண்டு காட்டினார். அப்போதும் சட்டி முன்பு எதற்குப் பாவித்ததோ என்றுதான் யோசித்தேன்.

அப்படிப்பட்டவன் சிவராசா அண்ணையை விடுவேனா?

ஒன்று, அவரும் நாதனும் ஒரே ஊர். இரண்டு, அவர் ஒருபோதும் திரும்பி நின்று பெயர் சொன்னதில்லை. எப்போதும் தொடுகிறவர் அவர்தான். யாராவது “அண்ணை, இண்டைக்கு நீங்கள் நில்லுங்கோ” என்றால், “நான் தொடுறன், நீங்கள் சொல்லுங்கோ” என்று குனிந்துவிடுவார். மூன்றாவதுதான் பெரிய சங்கதி. சில கூறுக்கு “இந்தக் கூறு ஆருக்கு?” என்று கேட்டார். சிலதுக்கு “இது ஆருக்கு?” மட்டும். நல்ல கூறுக்கு ஒரு கேள்வி, எலும்புக் கூறுக்கு இன்னொரு கேள்வி. ஊர்க்காரர் இரண்டு பேருக்கும் இடையில் அது சமிக்ஞை இல்லாமல் வேறென்ன?

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். பவா மஞ்சள் போட்டு இறைச்சி கழுவிக்கொண்டிருந்தாள்.

“ஒரு துண்டு ஈரலுக்கு சி.ஐ.டி வேலை பாக்கிறியளோ?”

“ஈரல் இல்லையப்பா. நீதி.”

“நீதியைக் கறி வைக்கேலாது. அந்த வெங்காயத்தை உரியுங்கோ.”

மூன்று கிழவிகள்

எங்கள் மகள் துளசிக்கு அப்போது பதினாலு பதினைந்து வயது. பள்ளிக்கூடத்தில் பழைய கிரேக்க மொழியை விரும்பி எடுத்திருந்தாள். தாளில் கையெழுத்து வைத்துவிட்டேனே தவிர, எனக்கு அதிலும் சந்தேகம். ஏதோ சேர்ச் பாடமாக்கும் என்று ஒரு மாதம் அவளுக்குத் தெரியாமல் கொப்பியைப் பார்த்தேன். சிலுவை ஒன்றும் இல்லை. புழுக்கூட்டம்போல எழுத்துத்தான் இருந்தது.

அன்றைக்கு அவள் குசினிக்குள் வந்து இறைச்சிப் பையைப் பார்த்துச் சிரித்தாள்.

“எட்டுப் பேருக்குப் பிரிச்சதோ? வ்வாலா, மொய்ரா!”

“என்னது?”

“ஒரு சொல்லப்பா. பழைய கிரேக்க ஆக்கள் விதிக்குச் சொல்லுறது. போன கிழமை மதாம் படிப்பிச்சவ.”

“விதிக்கும் இறைச்சிக்கும் என்ன சம்பந்தம்?”

“அதின்ர முதல் அர்த்தம் பங்கு. விருந்து வைச்சு ஒரு மாட்டை வெட்டினால்…”

“மாடு வேண்டாம்,” என்றாள் பவா திரும்பாமலே. “ஆட்டில வைச்சுச் சொல்லு.”

“சரி, ஆடு. வெட்டி எல்லாருக்கும் பிரிச்சுக் குடுப்பினம். உங்களுக்கு வந்த துண்டு உங்கட மொய்ரா. அதுக்கு மேல ஆசைப்பட்டால் பிழை. பிறகு அந்தச் சொல்லையே ஆயுளுக்கும் வைச்சிட்டினம். உங்களுக்கு இவ்வளவு நாள், எனக்கு இவ்வளவு நாள் எண்டு. சாவும் மொய்ராதான்.”

எனக்குக் கையில் வெங்காயம் நின்றுவிட்டது. விதி என்றால் எழுத்து என்றுதான் நான் அறிந்திருந்தேன். தலையில் எழுதியது, நெற்றியில் எழுதியது. அதை ஒரு இறைச்சித் துண்டுபோலப் பையில் போட்டுக் கையில் தருவார்கள் என்று நினைத்ததில்லை.

“ஆர் பிரிக்கிறது?” என்று கேட்டேன்.

“மூண்டு கிழவியள். ஒராள் நூல் நூற்பா. மற்றவ அளப்பா. கடைசி ஆள் வெட்டுவா.”

“சாமியிட்டச் சொல்லி நிப்பாட்டேலாதோ?”

“நோன். பெரிய சாமியும் அதில கை வைக்கிறேல்லை.”

“அப்ப என்னத்துக்கு அந்தச் சாமியைக் கும்பிட்டவை?”

“அதைத்தான் நானும் மதாமிட்டக் கேட்டனான்!” என்றாள் துளசி சந்தோசமாக. “எல்லாரும் சிரிச்சவை.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்களுக்கும் தலையெழுத்து உண்டு. ஆனால் முருகனுடைய கால் பட்டால் அது அழியும் என்று நம்புகிறவர்கள் நாங்கள். அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் நான் ஏன் குளிரில் வெறுங்காலோடு தேருக்குப் பின்னால் நடந்தேன்? மாற்ற ஏலாத சாமி, “உங்கட கோப்பு என்னட்டை இல்லை” என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கவுண்டர்க்காரர்போல.

“அந்தக் கிழவியள் பிரிக்கேக்கை கண்ணைத் திறந்துகொண்டோ இருக்கினம்?”

துளசி யோசித்தாள். “தெரியாதப்பா. மதாம் சொல்லேல்லை.”

“திறந்துகொண்டுதான் இருந்திருப்பினம்,” என்றேன். எனக்கு சிவராசா அண்ணையின் விரல்தான் கண்ணுக்குள் நின்றது.

பவா வெங்காயத்தை என் கையிலிருந்து பிடுங்கினாள். “பிள்ளை பாடம் சொல்லுது, நீங்கள் வழக்கு எழுதுறியள்.”

நான் கேட்ட கேள்வி

அடுத்த பங்கு மாசி மாதம். கேவுக்குள் மூச்சு விட்டால் புகை வந்தது. அன்றைக்கு ஈரலை அண்ணை வெட்டும்போது பக்கத்திலேயே நின்றேன். எட்டுத் துண்டு. கூறுக்கு ஒன்றாக வைத்தார். கண் இமைக்காமல் பார்த்தேன்.

நாதன் இந்த முறையும் சுவர்ப் பக்கம் திரும்பப் போனான். அவனுடைய தோளில் கை வைத்தேன்.

“நில்லு தம்பி. இண்டைக்கு அண்ணை திரும்பி நிக்கட்டும். நான் தொடுறன்.”

அண்ணை கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார். “வேண்டாம் குணம்.”

“ஏன் வேண்டாம்?”

“நான் தொடுறன். நீ போய்த் திரும்பி நிண்டு சொல்லு.”

“எல்லாரும் மாறி மாறி நிண்டதுதானே அண்ணை. நீங்கள் மட்டும் ஏன் நிக்கிறியளில்லை? திரும்பி நிண்டால் ஈரல் தெரியாதோ?”

இரண்டொருவர் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. பகிடியில்லை என்று விளங்கிவிட்டது.

நாதன், “குணம் அண்ணை, விடுங்கோ” என்றான். அவன் அப்படிச் சொன்னது என் சந்தேகத்துக்கு இன்னும் வலுவாகப் போயிற்று. பார், இரண்டு பேரும் ஒன்று.

சிவராசா அண்ணை என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. கத்தியை வைத்தார். போய், வாழைக்காய்ப் பெட்டிகள் அடுக்கியிருந்த சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

நான் குனிந்து முதல் கூறைத் தொட்டேன். இறைச்சி சில்லிட்டது.

“இந்தக் கூறு ஆருக்கு?”



மேலே கடையின் குளிர்ப்பெட்டி உறுமுவது கேட்டது. பழுதான பல்ப் ஒன்று மினுங்கியது.

“அண்ணை, இந்தக் கூறு ஆருக்கு?”

அவருடைய கழுத்து நரம்பு எழும்பியது. வாய் திறக்கிற சத்தம் கேட்டது. பெயர் வரவில்லை. எட்டுப் பெயர், பத்து வருடமாகத் தினமும் கூப்பிடுகிற பெயர்கள். ஒன்றும் வரவில்லை. வலது கையை ஒரு பெட்டியின்மேல் ஊன்றினார். பெட்டி நசிந்தது.

பிறகு எங்கள் ஒருவரையும் பார்க்காமல் படியேறிப் போய்விட்டார்.

உண்மையைச் சொல்லுகிறேன், எழுதவே கூசுகிறது. அப்போது என் மனதில் வந்த முதல் சொல்: நடிப்பு.

பாலத்துக்குக் கீழே

பின்னால் போனேன். பிடிபட்ட கள்ளன் என்ன சொல்லப்போகிறான் என்று பார்க்கத்தான் போனேன்.

மெட்ரோ ஓடும் பாலத்துக்குக் கீழே, இரத்தம் பட்ட ஏப்பிரனோடு நின்றார். போகிற வருகிறவர்கள் ஒதுங்கிப் போனார்கள்.

“அந்த வருசம் மாசி கடைசியில,” என்று அவராகத் தொடங்கினார், “வன்னியிலயிருந்து தங்கச்சி எடுத்தவள். ஆரோ சற்றலைற் போன் குடுத்திருக்கினம். எனக்கு ரெஸ்ரோரண்டில மத்தியானச் சேர்விஸ். கோப்பை கழுவுற தொட்டிக்கு முன்னால நிண்டனான்.”

தங்கைக்குக் காலில் காயம். காயப்பட்டவர்களை ஏற்றுகிற கப்பலில் அவளை ஏற்றச் சம்மதித்திருக்கிறார்கள். இரண்டு பிள்ளைகள். பெரியவன் ஒன்பது வயது, சின்னவளுக்கு நாலு. கூட ஒரு பிள்ளையைத்தான் விடுவோம் என்று கரையில் நின்றவர் யாரோ சொல்லியிருக்கிறார்.

“‘அண்ணை, நான் தாய். எனக்குச் சொல்லேலாது. நீங்கள் சொல்லுங்கோ, ஆரைக் கொண்டு வர?’ எண்டு கேட்டவள். பின்னால ஆக்கள் கத்துற சத்தம். கெதியாச் சொல்லு எண்டு ஆரோ போனைப் பறிக்கப் பாக்கினம்.”

மேலே மெட்ரோ போயிற்று.

“எனக்கு முன்னால வெள்ளை ஓடு பதிச்ச சுவர். அதைப் பாத்துக்கொண்டு சின்னவளின்ர பேரைச் சொன்னன். போன் கட்டாயிற்று.”

“பெரியவன்?”

“தேப்பனோட நிண்டவன்.”

“பிறகு?”

“பிறகு அவனைப் பற்றி ஒரு சேதியும் இல்லை, குணம்.”

அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோதும் என் வியாதி சும்மா இருக்கவில்லை. கப்பலில் அப்படியும் சொல்லியிருப்பார்களா, போன் அவ்வளவு நேரம் வேலை செய்திருக்குமா என்று உள்ளே ஒருவன் கேட்டான். அவனுடைய வாயை எப்படிப் பொத்துவது என்று தெரியாமல், எங்களுடைய ஆட்கள் எல்லோரும் சொல்லுகிற சொல்லை நானும் எடுத்துச் சொன்னேன்.

“அது விதி, அண்ணை. நீங்கள் என்ன செய்யிறது.”

அவர் ஏப்பிரனால் கையைத் துடைத்தார். துடைத்த கையையே திரும்பத் துடைத்தார்.

“விதியெண்டால் நான் படுத்தால் நித்திரை கொள்ளுவன். அது நான் சொன்ன பேர்.”

மூன்று கிழவிகள் என்று துளசி சொன்னபோது, அவர்களுடைய கண்ணைப் பற்றித்தான் நான் கேட்டேன். அவர்களுக்கு நித்திரை வருமா என்று கேட்கத் தோன்றவில்லை.

“வா,” என்றார். “இறைச்சி கிடக்குது. ஆக்கள் பாத்துக்கொண்டு நிக்கினம்.”

வாழைக்காய்ப் பெட்டி

கீழே எவரும் அசையவில்லை. கூறுகள் அப்படியே கிடந்தன. அண்ணை கத்தியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுக் குனிந்தார்.

நான் கேட்காமலே போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றேன்.

முகத்துக்கு நேரே அவர் கை ஊன்றிய பெட்டி, நசிந்தபடி இருந்தது. அதில் அச்சடித்த எழுத்துகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். வேறொன்றையும் பார்க்க இயலாது.

“இது ஆருக்கு?” முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

வெறும் செம்மறி இறைச்சி. ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கறி. ஆனாலும் பெயர் சொல்லமுதல் பெட்டியின் எழுத்துகளை இன்னொரு தரம் வாசித்தேன்.

“உங்களுக்கு, அண்ணை,” என்றேன்.

மிச்சப் பெயர்களையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் பையில் போட்டுக் கட்டுகிற சரசரப்புக் கேட்டது. ஒன்றுக்கு “இது ஆருக்கு” என்றார், ஒன்றுக்கு “இந்தக் கூறு ஆருக்கு” என்றார். மனிதர் கேட்கிற விதம் அப்படித்தான். அதில் ஒன்றும் இல்லை.

என்னுடைய பெயரைக் கடைசியாகச் சொன்னேன்.

வீட்டில் பவா பையை அவிழ்த்துக் கொட்டினாள்.

“அட, உங்கட நீதி கிடைச்சிட்டுது! ரெண்டு துண்டு ஈரல்.”

போய்ப் பார்த்தேன். இரண்டு துண்டு. கூறுக்கு ஒன்று என்று என் கண்ணால் பார்த்து வைத்த ஈரல். அப்படியென்றால் இன்னொரு பையில் ஒன்றும் இல்லை. எந்தப் பையில் என்று கண்டுபிடிக்க எனக்கு சி.ஐ.டி வேலை தேவைப்படவில்லை.

துளசியைக் கூப்பிட்டேன். “அந்தச் சொல்லில, தன்ர பங்கைத் தூக்கி மற்றவனுக்குக் குடுக்க இடம் இருக்கோ?”

“தெரியாதப்பா. மதாமிட்டக் கேக்கிறன்.” என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஏனப்பா, ஆரும் தந்தவையோ?” என்றாள்.

அந்த ஈரலை நான் சாப்பிடவில்லை. எறியவும் இல்லை. பவாவும் துளசியும் மிளகு போட்டுப் பிரட்டிச் சாப்பிட்டார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். அர்ச்சனைத் தட்டில் தேங்காய், பழம், வெற்றிலை, கற்பூரம். வழக்கமாக எங்கள் மூன்று பேருடைய பெயரும் நட்சத்திரமும் நான் சொல்லாமலே ஐயருக்குத் தெரியும். சொல்லத் தொடங்கியவரைக் கையைக் காட்டி நிறுத்தினேன்.

“இண்டைக்கு எங்களுக்கு இல்லை, ஐயா.”

ஐயர் தட்டைப் பிடித்தபடி குனிந்தார்.

“அப்ப ஆருக்கு?”

ஒன்பது வயதுப் பிள்ளை. அந்தப் பாலத்துக்குக் கீழே நான் எல்லாம் கேட்டேன். பெயரை மட்டும் கேட்கவில்லை.

பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள். ஐயர் காத்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

“சுவாமி பேருக்குச் செய்யுங்கோ,” என்றேன்.